ஒரே வார்த்தை வக்கீல்

உயிரினங்களில் பயிலரங்கு வக்கீல் என்று ஒன்று உண்டு. கோர்ட்டுப் படி ஏறாது. கறுப்புக் கோட்டு அலமாரியில் தூங்கும். ஏதாவதொரு கம்பெனியின் மேல்மாடியில், ஏசிக்கு நேர் கீழே, மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும். ஒப்பந்தங்களைப் படிப்பதுதான் அதன் வேலை என்று நினைத்தீர்களானால், ஐயோ பாவம் நீங்கள். பேரம் பேசுவது எப்படி, ஆபத்தை எடை போடுவது எப்படி, முதலாளிக்குப் புரிகிற மாதிரி பேசுவது எப்படி என்று ஊரில் எந்த ஓட்டல் ஹாலில் பயிற்சி நடந்தாலும், முதல் வரிசையில், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தலையாட்டுவதுதான் அதன் பிழைப்பு. சான்றிதழ் மாட்டச் சுவர் போதாமல் ஜன்னலையும் மறைத்தாகிவிட்டது. கற்றதை எப்போதாவது பயன்படுத்துமா? அதெல்லாம் கேட்கக் கூடாது.

நம் வக்கீல் அன்று ‘ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்’ என்ற பயிற்சியை முடித்து, அதில் முதல் பரிசும் தட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். சட்டப் பிரிவின் தலைவர் பதவி காலியாக இருந்தது. மாலைக்குள் அதை அவருக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த முதலாளிதான் இப்போது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்.

“கதவை நெம்பித்தான் எடுக்கணும் சார்,” என்றார் லிஃப்ட் மெக்கானிக், கையில் கடப்பாரையுடன். “நெம்பினா வாரண்டி போயிடும்னு எல்லாரும் பயப்படுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நெம்பலாமா, வேணாமா?”

வக்கீலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்காகத்தானே அவ்வளவு படித்தது? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நெம்பலாம்னு கருத இடமிருக்கு. ஆனா நெம்புறதுன்னா என்னன்னு ஒப்பந்தத்துல எங்கயுமே சொல்லலை. அப்புறம், உள்ள இருக்கிறவர் மாட்டிக்கிட்டாரா, இல்ல அவரா இஷ்டப்பட்டு நிக்கிறாரான்னும் பாக்கணும்.”

“யோவ், மூச்சு முட்டுதுய்யா,” என்று கதவிடுக்கிலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

“அதை எழுத்துல குடுத்துடுங்க சார்,” என்று வக்கீல் அந்த இடுக்கு வழியாக ஒரு தாளையும் பேனாவையும் உள்ளே தள்ளினார். தாள் கசங்கித் திரும்பி வந்தது. பேனா வரவில்லை. மெக்கானிக் அவரைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கதவை நெம்பினார்.

முதலாளி வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தார். வக்கீலை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்களை இப்பவே வேலையை விட்டு அனுப்பலாமா, கூடாதா?”

‘கூடாது’ என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். பாவி மனிதர், சொல்லவில்லையே. “ரெண்டு பக்கமும் வாதாடலாம் சார்,” என்று ஆரம்பித்து, தன்னை எந்தெந்த வழியில் அனுப்பலாம், எதில் கம்பெனிக்குச் சிக்கல் குறைவு என்று விலாவாரியாக விளக்கி, போதாக்குறைக்கு வேலைநீக்கக் கடிதத்தையும் பிசிறில்லாமல் தானே எழுதிக் கொடுத்தார். அவரிடமிருந்து அவ்வளவு உருப்படியான ஆலோசனை முதலாளிக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். காலையில் உங்கள் அம்மா, “சாயங்காலம் டாக்டர்கிட்ட என்கூட வருவியா, மாட்டியா?” என்று கேட்டாரே, என்ன சொன்னீர்கள்?

“பாக்கலாம்மா.”