தையல்காரி வீட்டுத் துப்பாக்கி

விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருந்தது.

இது நியாயமில்லை என்று ஷாநவாஸுக்குத் தோன்றியது. விரலை வைத்தால் சுட வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும். இந்த ஒரு விஷயத்திலாவது உலகத்துத் துப்பாக்கிகள் எல்லாம் ஒரே கட்சி. அவர் கையால் செய்த துப்பாக்கி மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல், டர்ரென்று வெள்ளை பிளாஸ்டிக் குண்டுகளைத் துப்பிக்கொண்டிருந்தது. காலண்டரில் இந்த மாதம் முழுவதும் ஓட்டையாகிவிட்டது.

"நில்லு! நில்லுங்கறேன்ல!" என்று அதனிடம் சொல்லிப் பார்த்தார்.

அது கேட்காததால் தலையணையை எடுத்துக் குழல் வாயில் அழுத்தினார். தலையணை வெடித்தது. இலவம் பஞ்சு அறை முழுவதும் பறந்து, தையல் மிஷின் மேல் மடித்து வைத்திருந்த கல்யாணப்பெண்ணின் பச்சைப் பட்டில் நிதானமாக இறங்கியது. சரி, வீட்டுக்குள் வேண்டாம், வெளியே வெறும் காற்றுதானே இருக்கிறது என்று குழலை பால்கனிப் பக்கம் திருப்பினார். மிச்சக் குண்டுகள் அத்தனையும் தெருவுக்குப் போயின.

குண்டு தீர்ந்தும் மோட்டார் நிற்கவில்லை. பேட்டரியைக் கழற்றலாமென்றால் அதைக் கழற்றும்படி அவர் வைக்கவில்லை. கம்பிகளை நேரே பேட்டரி முனையில் ஈயப்பற்று வைத்து, துப்பாக்கிக் கட்டையில் இருந்த கான்வாஸ் பையோடு தைத்து மூடியிருந்தார். கழற்றி மாட்டும் பின்னெல்லாம் தன் வேலையில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு என்பது அவர் கொள்கை. கைக்குக் கிடைத்தது மனைவி ஷிரினின் துணி வெட்டும் கத்தரிக்கோல். இரண்டு கம்பியையும் ஒரே வெட்டாக வெட்டினார். பளீரென்று ஒரு நெருப்பு. மோட்டார் நின்றது. கத்தரிக்கோலின் வாயில் ஒரு பல் போயிருந்தது.

ஷாநவாஸ் யாங்கூனில் தாமுவே பக்கம் ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் எல்லோரும் சீன டிவிடி பிளேயருக்கு மாறியதும் கடைக்குத்தான் வேலை போயிற்று, அவர் கைக்குப் போகவில்லை. அது வீட்டில் இருந்தவற்றையெல்லாம் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தது. மின்விசிறி இப்போது மேலே பார்த்து வீசுகிறது. கரண்ட் சோற்றுப் பானையின் மூடியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஷிரினின் தையல் மிஷினை அவர் 'இன்னும் கொஞ்சம் லேசாக்கிய' பிறகு, அது ஒரு வாரம் பின்பக்கமாக மட்டுமே தைத்தது. அந்த மிஷினில்தான் இரண்டு பேருக்கும் சோறு.

அந்த நேரத்தில்தான் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தரகு பார்க்கும் கமால் இந்த ஆர்டரைக் கொண்டுவந்தான். பழைய யுத்தப் படத்தில் வருவதுபோல் மரக்கட்டை வைத்த கார்பைன் துப்பாக்கி. உள்ளே மட்டும் பேட்டரியில் ஓடி பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மை.

"யாருக்குடா?" என்று ஷாநவாஸ் கேட்டார்.

"பெரிய எடம் நானா. பேர் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"லத்தா பக்கமா, இன்சீன் பக்கமா?"

"யாங்கூனுக்குள்ளதான் நானா."

கமாலிடம் நேரான பதில் வாங்குவது தண்ணீருக்கு முடிச்சுப் போடுவது மாதிரி. ஆனால் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதன் ஷாநவாஸின் கையை நம்பி வேலை கொடுத்திருக்கிறான். அதுவும் ரசனையுள்ள மனிதன். முதல் வாரமே வேலை முடிந்துவிட்டது என்று அவர் ஷிரினிடம் பெருமையாகச் சொன்ன மறுநாளே, "கட்டைக்கு இன்னொரு கோட் வார்னிஷ் அடிக்கணுமாம் நானா" என்று கமால் வந்து நின்றான். அதை முடித்தால், "அசல்ல இருக்கற மாதிரி கட்டையில கான்வாஸ் பை வேணுமாம்." அதையும் முடித்தால், "மரம் இன்னும் வழவழன்னு இருக்கணுமாம். அவசரமே இல்லையாம்."

"ரசிகன்டா அவன்!" என்றார் ஷாநவாஸ், கண் கலங்கி.

சீனப் பொம்மையின் குடலை லத்தா நடைபாதையில் வாங்கினார். கட்டைக்குத் தேக்கு வேண்டும். ஷிரினின் துணி வெட்டும் மேசைக்கு நாலு கால் இருந்தது, மூன்று கால் போதும் என்று அவருக்குப் பட்டது. நாலாவது காலுக்குச் செங்கல் வைத்தார். ஷிரின் செங்கல்லைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், "ஆர்டர்தானே, பாருங்க" என்றாள். இந்தக் காலத்தில் எந்தப் பெண்டாட்டி இப்படிச் சொல்வாள்?

கடைசியில் பேட்டரி. பொம்மைக்கு உரிய பேட்டரி செத்திருந்தது. கரண்ட் போனால் ஷிரின் தைப்பதற்கு ஒரு எமர்ஜென்சி விளக்கும், அடுப்படிக்கு ஒன்றும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆறு வோல்ட். ஒன்று போட்டால் துப்பாக்கி இருமியது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டு மடங்கு நன்றாக இருக்குமே என்று யோசித்தார். விசையின் பித்தளைத் தகடு பன்னிரண்டு வோல்ட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அப்படித்தான் இந்த நிலைமை.

கீழே தெருவில் ஒரு குரல் கேட்டது. பால்கனியில் குனிந்து எட்டிப் பார்த்தார்.

மாடிப்படி வாசலிலேயே ரேவதியக்காவின் ஷ்வேயினே கடை. தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசியும் கடல்பாசியும் மிதக்கும் பெரிய குண்டான், திறந்து கிடந்தது. எதிரே முக்காலியில் வார்டு தலைவர் ஊ தின் ஓங். எல்லோருக்கும் அவர் லூஜி. இதே கட்டிடத்தில் நாலாவது மாடிக்காரர். கையில் கிண்ணம், கன்னத்தில் கை.

"ஜவ்வரிசி வேகவே இல்லையே," என்றார் லூஜி பர்மியத்தில்.

"என்னா லூஜி சொல்றீங்க? காலையில இருந்து வேகுது!"

"நீயே கடிச்சுப் பாரு."

ரேவதி ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மெதுவாக மேலே பார்த்தாள். ஷாநவாஸ் சடாரென்று உட்கார்ந்துகொண்டார்.

யாங்கூனில் பொம்மையானாலும் துப்பாக்கி துப்பாக்கிதான். வார்டு தலைவர் பல்லில் பட்ட துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம். அதை வீட்டைவிட்டுக் கடத்த வேண்டும். படியால் இறங்கினால் லூஜியின் மடியில் போய் நிற்கலாம். இருக்கவே இருந்தது கயிறு. அந்தத் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் நைலான் கயிறு தொங்கும். கீழே இருப்பவன் சாமானைக் கட்டி இழுத்தால் மேலே மணியடிக்கும், வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொள்வார்கள். அவர் 'ஷிரின் டெய்லரிங்' என்று பூத்தையல் போட்ட பையில் துப்பாக்கியைத் திணித்து, கயிற்றில் கட்டி, டீக்கடைப் பக்கமாக இறக்கினார்.

"கமாலு! உஸ்... கமாலு! இத ஆர்டர் குடுத்தவங்ககிட்ட இப்பவே சேத்துரு!"

கமால் பையை அவிழ்த்தான். உள்ளே பார்த்தான். தலையைத் திருப்பி லூஜியைப் பார்த்தான். அவனுக்கு வியர்த்தது. "இப்ப வேணாம் நானா!" என்று வாயசைத்துவிட்டு, பையை அவசரமாகக் கயிற்றில் திருப்பிக் கட்டி இழுத்தான்.

ஷாநவாஸ் வீட்டு மணி அடிக்கவில்லை. எங்கோ உயரத்தில் இன்னொரு மணி அடித்தது.

எல்லாக் கயிறும் நீலம். அவருடைய கயிற்றை ஒட்டியே தொங்கியது லூஜி வீட்டுக் கயிறு.

தான் பெற்ற பிள்ளை போல வளர்த்த துப்பாக்கி, பைக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு, தன் பால்கனியைத் தாண்டி மேலே போவதை ஷாநவாஸ் பார்த்தார். ஒட்டடைக் குச்சியால் கொக்கி போட்டார். மாட்டியது! இழுத்தார். மேலே இருந்து லூஜியின் மனைவியும் இழுத்தாள்.

"யாருடா அது, என் கருவாட்டத் திருடுறது?" என்று மேலிருந்து அலறல்.

அவர் விட்டுவிட்டார். பை துள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அந்தக் கணமே தெருவில் கரண்டும் போயிற்று.

லத்தா கடைத்தெருவுக்கு நூலும் பட்டனும் வாங்கப் போயிருந்த ஷிரின் இருட்டில் தடவிக்கொண்டு உள்ளே வந்தாள். மூக்கில் பஞ்சு ஏறித் தும்மினாள்.

"என்னங்க, கோழி எதுவும் உரிச்சீங்களா?"

"அது... தலையணைக்குக் காத்து வரட்டும்னு..."

"விளக்கப் போடுங்க. கல்யாணப்பொண்ணு சட்டைக்குக் கை வெக்கணும். ஞாயித்துக்கெழம நிக்காஹ்."

"விளக்குல பேட்டரி இல்ல புள்ள."

"எங்க?"

"நாலாவது மாடியில."

அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் கதவு தட்டப்பட்டது. டார்ச் வெளிச்சத்துக்குப் பின்னால் லூஜி. கையில் பை. பையில் ஷிரின் பேர். கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"கோ ஷா," என்றார். "என் சம்சாரம் கருவாடுன்னு தூக்கினா. இது என்னா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். உண்மை எப்போதும் ஷாநவாஸுக்கு ஒரு நிமிஷம் தாமதமாகத்தான் ஞாபகம் வரும்.

"தண்ணித் துப்பாக்கி லூஜி! திஞ்ஞானுக்கு!"

"தண்ணித் திருவிழாவுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கே?"

"முன்கூட்டியே செஞ்சு வெச்சா நல்லதுன்னு..."

"அப்படியா? தண்ணி ஊத்து. பாப்போம்."

ஷாநவாஸ் ஷிரினைப் பார்த்தார். ஷிரின் துப்பாக்கியைப் பார்த்தாள். அவர் கூஜாவை எடுத்து, மூன்று கோட் வார்னிஷ் அடித்த அந்த அழகின் வயிற்றுக்குள், மோட்டார் நனைய நனைய, தண்ணீரை ஊற்றினார். தன் கையால் ஊற்றினார். எல்லாத் துவாரத்திலிருந்தும் தண்ணீர் ஒழுகியது, குழலைத் தவிர.

"முன்பக்கம் வரலியே?"

"அத இனிமேதான் சரி பண்ணணும் லூஜி."

"பண்ணு. முடிஞ்சதும் என் பேத்திக்கு ஒண்ணு." லூஜி படியேறப் போனவர் திரும்பினார். "ரேவதிகிட்ட இனிமே ஷ்வேயினே சாப்பிடாத. ஜவ்வரிசி வேக வெக்கறதே இல்ல."

கதவு சாத்தியதும் ஷாநவாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷிரின் மெழுகுவத்தி ஏற்றினாள். கத்தரிக்கோலின் ஓட்டைப் பல்லை விரலால் தடவினாள். பிறகு, திட்டுவாள் என்று அவர் கழுத்தைச் சுருக்கிக்கொண்டிருக்க, ஈரத் துப்பாக்கியை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"காய வெச்சா ஓடும்லங்க?"

"ஓடாது. மோட்டார் செத்துருச்சு."

"அப்ப திரும்ப முதல்ல இருந்து செய்யணுமோ?" அவள் குரலில் ஏதோ ஒரு நம்பிக்கை தட்டுப்பட்டது. "ஞாயித்துக்கெழம வரைக்கும் ஆகும்ல?"

ஷாநவாஸ் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். மேசைக்கால் போய், விளக்கு போய், கத்தரிக்கோல் போய், தலையணை போய், இன்னும் இவள் புருஷனின் ஆர்டரைப் பற்றித்தான் கவலைப்படுகிறாள். இப்படிப்பட்டவளுக்குத் தான் என்ன செய்திருக்கிறோம்?

"வேணாம் புள்ள," என்றார். "ஆர்டர விட்டுர்றேன். நான் செஞ்ச நாசத்துக்கு நானே ஈடு கட்டுறேன். இன்னைக்கே உன் மிஷினப் பிரிச்சு, நல்லா எண்ணெ போட்டு, பக்கத்துல உக்காந்து உனக்கு ஒத்தாச பண்றேன்."

ஷிரினின் முகம் மெழுகுவத்தியைவிட வெளுத்தது. "வேணாங்க! அவசரப்பட்டு முடிவெடுக்காதீங்க! பாவம், அந்த மனுஷர் ஆசயாக் கேட்டிருக்காரு!"

"அதுக்குத்தான் போறேன். அவர் மூஞ்சிக்கு நேரா நின்னு மன்னிப்புக் கேக்கணும்."

"நில்லுங்க! என்னங்க!"

அவர் நிற்கவில்லை. இன்று நிற்காத நாள். செத்த துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டப் படியிறங்கினார். கீழே ரேவதி அகல்விளக்கு வெளிச்சத்தில் குண்டானைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சாக்கடை ஓரம் தேங்காய்ப்பாலில் வெள்ளைக் குண்டுகள் மிதந்தன. பெஞ்சில் கமால் ஒன்றும் தெரியாதவன் போல டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ரேவதிக்கா, உங்க குண்டானுக்கு நான்தான் காரணம்," என்றார் ஷாநவாஸ். இந்த முறை உண்மை ஒரு நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. "நாளைக்குத் தேங்கா நான் துருவித் தர்றேன்."

"நீங்க ஒண்ணும் துருவ வேணாம் பாய். என் துருவியயும் ரிப்பேர் பண்ணிருவீங்க."

அதை வாங்கிக்கொண்டு கமால் பக்கம் திரும்பினார். "எந்திரிடா. ஆர்டர் குடுத்தவர் வீட்டக் காட்டு."

"அவங்க ஊர்ல இல்ல நானா."

"எந்த ஊருக்குப் போயிருக்காரு?"

"போகல. வந்துட்டாங்க. ஆனா பாக்க முடியாது."

"என்னடா, ஆளு யாரு? மந்திரியா? கம்பெனி மொதலாளியா? அவரு எத்தன தடவ வார்னிஷ் அடிக்கச் சொன்னாரு! என் வேல மேல அப்படி ஒரு ஆச வெச்சிருந்த மனுஷர நான் ஒரு தடவ கண்ணால பாக்கணும். யாரு அவரு?"

"பெரிய எடம் நானா..."

"யாருடா?"

அப்போது கரண்ட் வந்தது. தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீ லாபீ! கரண்டு வந்தாச்சு!" என்று கத்தினார்கள். வெளிச்சத்தில் கமால் டீக்கோப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டான். இரண்டாவது மாடி பால்கனியில் ஷிரின் நின்று, ரேவதியைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஷாநவாஸ் அதைப் பார்க்கவில்லை.

ரேவதி பார்த்தாள். காலி குண்டானையும் பார்த்தாள். கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்க ஷிரின்தான் பாய். 'எதயாச்சும் செய்யச் சொல்லு கமாலு, கல்யாணத் துணி முடியற வரைக்கும் அவரு கை என் மிஷின் மேல படாம இருந்தா போதும்'னு, இதே பெஞ்சுல உக்காந்துதான் சொன்னா."