கூட்டமில்லாத நேரம் பார்த்து

கூட்டத்தைக் கண்டு மிரளுகிறவர்கள் உண்டு, கண்டதும் குஷியாகிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: கூட்டத்தை முந்துகிறவர்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டியை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்று சினிமா முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுந்துபோய், கொலைகாரன் யாரென்று வீடு திரும்பும் வழியில் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள். மருந்துக் கடை வைத்திருக்கும் என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், இந்த இனத்தின் உச்சாணிக் கொம்பு.

என் அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். தேசியப் பூங்காவின் வாசலில் ஆயிரம் தடவை ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறார், உள்ளே போனதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால், சொந்தக் காலில் நின்று அங்கிருக்கும் அருவியைப் பார்த்துவிட வேண்டும் என்றார். எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் கேட்டுவிட்டார். "என்கிட்ட விடுங்க மாமா" என்றார் அத்தான். விட்டோம்.

இரண்டு மாதம் ஆராய்ச்சி நடந்தது. எந்தப் பார்க்கிங் எத்தனை மணிக்கு நிரம்பும், உள்ளே சுற்றும் ஷட்டில் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, எந்தக் கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வருவார்கள், மழை வரும் என்று சொன்னால் எத்தனை பேர் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்று, இருமல் மருந்துக்கு வந்தவர்களைக்கூட விடாமல் விசாரித்தார். அருவி எவ்வளவு உயரம் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை.

காலை ஐந்தே முக்காலுக்குப் பூங்கா வாசலில் இருந்தோம். பார்க்கிங் நிரம்பி வழிந்தது. ஆறு மணிக்குள் போனால் கூட்டமிருக்காது என்பதை அவர் ஒருவர் மட்டுமா படித்திருப்பார்? ஒவ்வொரு காரிலும் ஓர் அத்தான், மடியில் ஒரு தாள், பின்சீட்டில் அரைத்தூக்கத்தில் குடும்பம். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று அவர்களைத் திட்டிக்கொண்டே அத்தான் வண்டியைத் திருப்பினார்.

தொலைவில் இன்னொரு பார்க்கிங் காலியாகக் கிடந்தது. ஏன் காலி? அங்கே முதல் ஷட்டில் ஒன்பது மணிக்குத்தான். மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தோம். அப்பா முழங்காலை நீவிக்கொண்டே, அந்த இடத்தில் பஸ்ஸைத் திருப்புவது எவ்வளவு சிரமம் என்று எனக்கு விளக்கினார்.

ஷட்டில் அருவிக்கு வந்தபோது அங்கே எள் போட்டால் எள் விழாது. இறங்காமல் ஒரு சுற்றுப் போய்வந்தால் குறைந்துவிடும் என்றார் அத்தான். குறையவில்லை. இன்னொரு சுற்று போனோம். அருவியின் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக வந்து போனது. டிரைவர் கண்ணாடியில் எங்களையே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் முறை அக்கா எழுந்தாள். பதினெட்டு வருஷத்தில் அத்தான் போட்ட திட்டத்தை அவள் மீறி நான் பார்த்ததில்லை.

"அப்பா, இறங்கலாம் வாங்க."

"இவ்வளவு கூட்டத்துலயா?" என்றார் அத்தான்.

"அவர் கூட்டத்தைப் பார்க்க வரலைங்க."

நாங்கள் மூவரும் இறங்கினோம். அத்தான் இறங்கவில்லை. கொள்கை.

நெரிசல்தான். ஆனால் அப்பாவின் நடையைக் கண்டதும் முன்னால் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். முன்பின் தெரியாத ஒரு தடித்த ஆள் கேட்காமலே தோள் கொடுத்தார். ஒரு பெண் கம்பியோரம் தான் நின்ற இடத்தை விட்டுத் தந்தாள். அப்பா கம்பியைப் பிடித்தபடி இருபது நிமிடம் நின்றார். சாரல் முகத்தில் அடித்தது. துடைக்கவே இல்லை.

அப்போது அத்தானிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கடைசி ஸ்டாப்பில் ஏதோ மலைமுகடு. பனிமூட்டம், ஒரு காலி பெஞ்சு. கீழே, "ஒருத்தர்கூட இல்ல" என்று வெற்றிச் செய்தி. பனியில் மலையும் தெரியவில்லை, பள்ளத்தாக்கும் தெரியவில்லை. பிறகு எவர் வருவார்?

திரும்பும்போது, எப்படி இருந்தது என்று அத்தான் மெதுவாகக் கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"நீங்களும் வந்திருக்கலாம் மாப்பிள்ளை. இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்துச்சு."

அத்தான் மடியிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பனி விலகினால் அந்த மலைமுகடு எப்படி இருக்கும், எத்தனை மணிக்குப் போனால் தேவலை என்று ஒரு கணம் உங்கள் மனம் ஓடவில்லை? எனக்கு ஓடியது. எந்த ஸ்டாப்பில் ஏற வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அத்தனை பேரும் அங்கே வந்து நிற்பீர்கள்.