மறுபடியும் முதல் வரியிலிருந்து

பாட்டு வாசிக்கக் கற்றுக்கொள்பவர்கள் உண்டு. பாதியில் விட்டுவிடுபவர்களும் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. விடவும் மாட்டார்கள், முடிக்கவும் மாட்டார்கள். எங்கே தப்பு வந்தாலும் அங்கேயே கையை எடுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் முதல் வரிக்காரர்.

இந்த இனத்தை நான் முதலில் பார்த்தது, இல்லை, கேட்டது 1991இல். எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. போட்டுக்கொண்டு, தாம்பரத்தில் வேலையும் வாங்கிக்கொண்டு, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜெயவேலு வீட்டு மாடி அறைக்குப் பெட்டியோடு ஏறினேன். மாடிப்படித் திருப்பத்துக்கு முன்னால் இருக்கிற படி ஒரு பக்கம் சரிந்திருந்தது. தடுமாறினேன்.

"அந்தப் படி கோணை சார். எட்டி வச்சிக்கினு போங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரரின் மனைவி பச்சையம்மா.

அறைக்குள் போனதும் கீழே பியானோ ஆரம்பித்தது. அழகான ஒரு வரி. இரண்டாவது வரியில் ஒரு தடுக்கல். மௌனம். மறுபடி முதல் வரி. நான் பாயை விரித்து, கொடி கட்டி, துணிகளைத் தொங்கவிட்டு முடிக்கும்வரை அந்த முதல் வரி வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வரி வரவே இல்லை.

ஜெயவேலு, நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற பழைய ஊர்க் குடும்பத்துக்காரர். செங்கல், மணல், சிமெண்டு வியாபாரம். பல்லாவரத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டு மதில் சுவருக்குச் செங்கல் இறக்கப் போனவர், உள்ளே அந்த வீட்டு அம்மாள் பியானோவில் வாசித்துக்கொண்டிருந்த பாட்டு முடியும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறார். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது அந்தப் பியானோ மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ராஜகீழ்ப்பாக்கம் வந்து சேர்ந்தது. பீரோ வருகிறது என்று பச்சையம்மா புடவைகளை மடித்துத் தயாராக வைத்திருந்தாராம்.

"முடியிறப்ப ஒரு சத்தம் வரும் சார்" என்று ஜெயவேலு என்னிடம் சொன்னார். "கதவை மெதுவா சாத்துற மாதிரி. அது என் கையால வரணும். இந்தப் புத்தகத்துல கீற படகுப் பாட்டுலயும் கடைசில அது வருதாம். டீச்சர் சொன்னாங்க."

புத்தகம் என்றால் குழந்தைகளுக்கான புத்தகம். கொட்டை எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம், கட்டைவிரலுக்கு ஒன்று, சுண்டுவிரலுக்கு ஐந்து என்று விரல்களுக்கு எண். ஒரு முதல் வரிக்காரர் இதன் முன்னால் உட்காருவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் நகம் வெட்டுவார், பிறகு ஸ்டூலை முன்னால் இழுப்பார், பின்னால் தள்ளுவார், மஞ்சள் துணியால் கட்டைகளைத் துடைப்பார், துடைக்கும்போது எழுகிற சத்தத்துக்குத் தானே தலையாட்டுவார், ஃபேன் காற்றில் பக்கம் புரளாமல் இருக்கத் துணி கிளிப் மாட்டுவார், மின்விசிறியையே நிறுத்துவார், வியர்க்கிறது என்று மறுபடி போடுவார், கடைசியில் வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முதல் வரியை வாசிப்பார். அபாரமாக வாசிப்பார். வாசிக்காமல் என்ன? வருஷக்கணக்கில் வாசிப்பது அதை மட்டும்தானே.

இரண்டாவது வரியில் இடது கை உள்ளே வரும். அங்கே சுண்டுவிரல் பக்கத்துக் கட்டைக்குச் சரியும். தீர்ந்தது. கையை எடுத்துவிடுவார். குற்றவாளி சில நாள் ஸ்டூல், சில நாள் மழை ஈரம். கிழக்குத் தாம்பரத்தில் வகுப்பு எடுக்கிற தபீதாள் டீச்சரிடம் போனால் ஜெயவேலு எல்லாப் பழியையும் ஒரே வாக்கியத்தில் துடைத்துவிடுவார்: "வூட்ல நல்லா வந்துச்சு டீச்சர்."

நான் பட்டதாரி அல்லவா, யோசனை சொன்னேன். "பரீட்சையில தெரியாத கேள்வியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோம் சார். அதுமாதிரி போய்க்கிட்டே இருங்க."

"அது பேப்பர் சார். இது செவுரு" என்றார் ஜெயவேலு. "ஒரு செங்கல் கோணையா பூட்டா மேல வைக்கறது எல்லாம் கோணை. பிரிச்சிட்டு அடியிலருந்து கட்டணும்."

அவருக்குப் பின்னால் சேர்ந்த வாண்டுகள் எல்லாம் இரண்டாம் புத்தகத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு சின்னப்பெண், "அங்கிள், உங்க படகு இன்னும் கரையிலேயே இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். கடைசியில் டீச்சரே சொன்னார்: "ஜெயவேலு சார், டிசம்பர் நிகழ்ச்சியில இந்த ஒரு பாட்டை முழுசா முடிங்க. இல்லைன்னா ஜனவரியிலேருந்து உங்க நேரத்தை வேற ஒருத்தருக்குக் குடுக்கணும். நிறைய பேர் காத்திருக்காங்க."

சர்ச் ஹாலில் நிகழ்ச்சி. முன்வரிசை முழுக்க மாணவர்கள், நடுவில் வெள்ளைச் சட்டையில் ஜெயவேலு. பின்வரிசையில் பச்சையம்மாவும் நானும். முறை வந்தது. உட்கார்ந்தார். ஸ்டூலை இழுத்தார், தள்ளினார். முதல் வரியைக் கேட்டு ஹாலே நிமிர்ந்தது. இரண்டாவது வரி. சுண்டுவிரல். கையை எடுத்தார்.

மறுபடி முதல் வரி. அதே இடம். கையை எடுத்தார். முன்வரிசையில் சிரிப்பு. டீச்சர் தரையைப் பார்த்தார். ஜெயவேலு மறுபடி ஆரம்பித்தார், மறுபடி சறுக்கினார், கை மேலே எழும்பத் தொடங்கியது.

பச்சையம்மா எழுந்து நின்றார்.

"இன்னாத்துக்கு திரும்பித் திரும்பி வர்ற? நீ கட்டுன மாடிப்படி கோணைதானே? அதுக்காக இந்த சார் தெனம் திரும்ப எறங்கி வந்து தெருவுலருந்தா ஏறிக்கினு கீறாரு? எட்டி வச்சிக்கினு போய்கினே இரு."

ஹால் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

எழும்பிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. தப்பை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு மேலே போனார். மூன்றாவது வரி. அதுவரை நான் கேட்டேயிராத வரி. தயங்கித் தயங்கி, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவர் மாதிரி போனார். நான்காவது வரியில் இரண்டு கைகளும் சேர்ந்து மெதுவாகக் கீழே இறங்கின. ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அவர் கையை எடுக்கவில்லை. டீச்சர் வந்து தோளைத் தொட்டு, "ஜனவரியில வாங்க சார். ரெண்டாவது புத்தகம்" என்று சொன்ன பிறகுதான் எடுத்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது கேட்டார். "சாத்துச்சு இல்ல சார்?"

"சாத்துச்சு சார்."

நாலு அடி போனதும் மறுபடி ஆரம்பித்தார். "ரெண்டாவது வரியில மட்டும் அந்த ஒரு செங்கல்லு…"

"வாயை மூடிக்கினு வா" என்றார் பச்சையம்மா.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் அலமாரியில் முப்பதே நாளில் இந்தி என்று ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். முதல் சில பக்கங்கள் விரல் பட்டுக் கறுத்து, மீதி கடையில் வாங்கிய வெளுப்போடு இருக்கிறதா? டைரியில் ஜனவரி மட்டும் நிரம்பியிருக்கிறதா? அதெல்லாம் வேண்டாம். இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் ஏதோ விட்டுப்போனது போலிருக்கிறதே என்று முதல் பத்திக்குத் திரும்பிப் போனீர்களா? அப்படியானால் நமஸ்காரம். உங்களுக்கும் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறது.

நான் இப்போது சிட்லபாக்கத்தில் இருக்கிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தப் படி அப்படியே கோணையாக இருக்கிறது. ஜெயவேலு இரண்டாம் புத்தகத்தில், முதல் பாட்டின் முதல் வரியில் இருக்கிறார்.