குரூப்பு அண்ணனின் குரூப்பு

பெயரைக் கேட்பதற்கு முன்னால் ரத்தத்தைக் கேட்கும் மனிதர் இந்தப் புதுச்சேரியில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். எங்கள் குரூப்பு அண்ணன். சிரித்துக்கொண்டேதான் எழுத ஆரம்பிக்கிறேன். எதுவரை சிரிக்க முடியும் என்று தெரியவில்லை.

இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டிரம் செய்யும் கம்பெனி. நான் லோடு ஏற்றி அனுப்பும் பிரிவில் இருந்தேன், அவர் முதலுதவி அறையில். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விரலை நசுக்கிக்கொண்டு போய் நின்றேன். பார்த்தவர்களெல்லாம் "ஐயையோ" என்றார்கள். அவர் மட்டும், "தம்பி, இன்னா குரூப்பு?" என்றார்.

"தெரியாதுண்ணா."

"உன் வண்டிக்கு இன்னா ஆயில் ஊத்தறதுன்னு தெரியுமில்ல? உடம்புல ஓடறது இன்னான்னு தெரியாதா?"

கட்டுப் போட்டு முடிப்பதற்குள் வண்டி வண்டியாகத் திட்டினார். மறுநாள் லேபுக்கு அவரே இழுத்துப் போனார். பி பாசிட்டிவ் என்று வந்ததும், எனக்கு ஆண் குழந்தை பிறந்த மாதிரி கை குலுக்கினார்.

ஒருமுறை கம்பெனியில் எல்லாருக்கும் புது அடையாள அட்டை. நாற்பது பேருக்கு ரத்த வகைக் கட்டம் காலி. மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். மேனேஜர், "எல்லாத்துக்கும் ஓ பாசிட்டிவ்னு எழுதிடுய்யா, நெறைய பேருக்கு அதான இருக்கும்" என்றார். அண்ணன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். தலைல டிரம்மு வுழுந்து பேச்சு மூச்சு இல்லாம கெடக்கறப்ப, அவனுக்கு பதிலா இந்த அட்டதான் பேசணும். அது பொய் பேசுனா ஆளு பூடுவான்."

நாற்பது பேரையும் வேனில் அடைத்து லேபுக்கு அழைத்துப் போனார். ஊசியைப் பார்த்ததும் ஆறடி லோடுமேன் ஒருவர் மயங்கி விழுந்தார். அவரைத் தாங்கப் போனவரும் விழுந்தார். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு எனக்கு ஆளு மிஞ்சுமாய்யா?" என்று மேனேஜர் போனில் அலறினார்.

கேன்டீனில் தினமும் பாடம் நடக்கும். "ரத்த அணு மேல சர்க்கர மாதிரி ஒண்ணு ஒட்டிக்கினு இருக்கும். அத வெச்சுதான் ஏ, பி எல்லாம். ஓ-வுல அந்த ரெண்டும் இல்ல. அதனால ஓ-காரனுக்கு மலேரியா வந்தா அவ்ளோவா முத்தாது. ஆனா காலரா வந்தா அவனத்தான் போட்டுப் பொரட்டும். சாமி ஒரு கையால குடுத்து இன்னொரு கையால புடுங்கிக்கிறாரு பாரு!" சூப்பர்வைசர் வடையைக் கீழே வைத்துவிட்டு, "யோவ், எனக்கு இருக்கற சர்க்கரையே போதும்யா" என்று எழுந்து போய்விடுவார். ஊரில் உள்ள அத்தனை பேரின் குரூப்பையும் கேட்ட அந்த மனிதரிடம், அவர் குரூப்பை நாங்கள் ஒருத்தரும் கேட்டதில்லை.

கொரோனா வந்த முதல் வருஷம். ஓ குரூப்புக்கு அது வராது என்று எவனோ போனில் அனுப்ப, எங்கள் கம்பெனி ஓ-காரர்களெல்லாம் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தார்கள். அண்ணனுக்கு வந்ததே கோபம்! "அறிவு கெட்டவனுங்களா! கொஞ்சம் கம்மியா வரலாம்னு பேச்சு, அவ்ளோதான். அத நம்பி மூஞ்ச தொறந்து போட்டா எமன் வந்து குரூப்பு கேப்பானா?" என்று ஒவ்வொருவர் பின்னாலும் மாஸ்க்கோடு ஓடினார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். நன்றாகவே கேட்டேன்.

அடுத்த மாதம் எனக்கு வந்தது. மனைவியும் பிள்ளைகளும் மாமியார் ஊரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மூலக்குளத்து வீட்டில் நான் மட்டும், வாசலில் கொரோனா வீடு என்று மறித்து வைத்த தகரம். மூன்றாம் நாள் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"தம்பி, கஞ்சி கொண்ணாந்துருக்கேன். கதவத் தொற."

"வராதீங்கண்ணா. வெச்சுட்டுப் போயிடுங்க."

"டேய், நான் ஓ குரூப்புடா. என்னய ஒண்ணும் பண்ணாது. தொற."

நம்பினேனா? நம்பவில்லை. பசித்தது, பயமாகவும் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் திறந்துவிட்டேன்.

ஒன்பது நாள் வந்தார். என்னை நிமிர்த்திச் சாய்த்து வைத்துக் கஞ்சி புகட்டினார். நான் வாந்தி எடுத்ததைத் துடைத்தார். "பி குரூப்புக்குப் புடிவாதம் ஜாஸ்தி, எந்த புக்லயும் போடல, நானா சொல்றேன்" என்று சிரிக்க வைத்தார். நான் பிழைத்துக்கொண்டேன். நான் எழுந்து நடந்த வாரம் அவர் படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கடைசியாக முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அண்ணி முன்னால் நிற்க முடியாமல் உளறினேன். "ஓ குரூப்புக்கு வராதுன்னு சொன்னாரே அண்ணி. தனக்கு ஓ-ன்னு சொன்னாரே."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கா? அவரு ஏ பாசிட்டிவ்பா. எனக்கும் அதேதான். ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்குன்னுதான என்னயவே கட்டிக்கினாரு."

பிறகு அண்ணியே மெதுவாகக் கேட்டார். "எங்கிட்ட வேற மாதிரி இல்ல சொன்னாரு? தெனமும் கஞ்சித் தூக்க எடுக்கறப்ப நான் கையப் புடிச்சுக்கினு அழுவேன். 'அந்தத் தம்பிக்கு ஓ குரூப்பு. அவங்கிட்டேர்ந்து யாருக்கும் ஒட்டாது. நீ பயப்படாத'ன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புவாரு. உனக்கு ஓ இல்லியா?"

"பி அண்ணி."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கவே அழுகையும் வந்தது. "படுபாவி மனுஷன், ரெண்டு பேரையும் இப்புடி ஏமாத்திட்டுப் பூட்டாரே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்து, "இல போட்டுருக்கு. நீ சாப்புடாம போவாத" என்றார்.

அந்தக் கதவை நான் திறந்திருக்கக் கூடாது, அண்ணா. ஆனால் அந்த ஒன்பது நாளும் உங்கள் செருப்புச் சத்தம் எப்போது கேட்கும் என்றுதான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.