இயேசுதாசனின் தோள்பட்டை

என் வீட்டுக்காரர் இயேசுதாசன் ஐம்பத்து மூன்று வயதில் மலை ஏறப்போவதாக அறிவித்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். சிங்கப்பூரில் மலை எங்கே இருக்கிறது?

"மலை இல்ல அல்போன்சா, சுவர். ஏர்கான் போட்ட ஹால்ல பிளாஸ்டிக் கல்லு பதிச்சு வச்சிருக்கான். வேலை இடத்துல எல்லாரும் போறாங்க."

"விழுந்தா?"

"கீழே மெத்தை இருக்கு."

"மெத்தையில விழறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? அதைத்தான் வீட்டுலயே செய்றீங்களே."

போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையும் மரக்கட்டையாகத் தொங்கின. என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் வீடு தோ பாயோவில், பதினோராம் மாடி. ஈரத்துணியை மூங்கில் கம்பில் கோத்து, சன்னலுக்கு வெளியே நீட்டி, வெளிச்சுவரில் அதற்கென்று பதித்த குழாயில் செருகவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவர் செய்யும் ஒரே வேலை அது. இப்போது அதுவும் போயிற்று. சுவர் ஏறிய நாளில் தோள் வலி. ஏறாத நாளில் தோளுக்கு ஓய்வு. கம்பு என் தலையில் விழுந்தது. தூக்கும்போதெல்லாம் எனக்குப் பயம். கை நழுவினால்? கீழே யார் தலையிலாவது விழுந்தால்? அது எங்கள் கோயில் ஃபாதர் தலையாக இருந்தால்?

வலி நிஜமா, நடிப்பா? அது தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை, தேக்கா சந்தையில் மீன் வாங்கிய பையோடு அந்தச் சுவரையே பார்க்கப் போய்விட்டேன்.

இவர் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார். மேலே ஒரு நீலக் கல். கையை நீட்டினார். தோள் பாதியிலேயே நின்றுவிட்டது. தொப்பென்று விழுந்தார். சரி, வலி நிஜம்தான்.

பக்கத்தில் ஜோவன்னா என்ற பெண் பாய் விரித்து உடம்பை மடித்து நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சுவரில் ஏறினாள். அவள் கால் இடுப்புக்கு மேலே போய் ஒரு கல்லில் சௌகரியமாக உட்கார்ந்தது. இறங்கியதும் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா இப்படி வளையுது?"

"யோகா, ஆன்ட்டி. சுவர் ஏறுறவங்க எப்பவும் இழுத்துக்கிட்டே இருப்பாங்க. நெஞ்சும் தோளும் முன்னால சுருங்கிடும். அதைத் திறந்து விடணும். இடுப்பு இளகினா கால் உயரமா போகும், கைக்குப் பாரம் குறையும். மூச்சை ஒழுங்கா விட்டா உயரத்துல பதற்றம் வராது."

"அங்கிளுக்கும் திறக்குமா?"

"ஒரு கம்பைப் பிடிச்சுக்கிட்டுக் கையைத் தலைக்கு மேல தூக்கிப் பழகச் சொல்லுங்க. மெல்ல மெல்லத் திறக்கும் லா."

கம்பா? அதற்குப் பிறகு மீன் பை எனக்குக் கனக்கவே இல்லை.

வீட்டில் இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "யோகாவா? ஞாயிறு பூசை தவறாத குடும்பம் நாம. ஃபாதர் என்ன நினைப்பாரு?"

"கேட்டுட்டேன். முதுகு வலிக்கு அவரே செய்றாராம்."

முதலில் வெறும் மூங்கில் கம்பு. மூச்சை இழுத்துக்கொண்டு தலைக்கு மேலே தூக்கினார். காற்று வரட்டும் என்று சன்னலோரம் நிற்கவைத்தேன். பிறகு கம்பில் ஓர் ஈரத்துண்டு.

"இது எதுக்கு?"

"எடை. அப்பத்தான் தோள் நல்லாத் திறக்கும். மூச்சை விடும்போது அப்படியே வெளியே நீட்டி, குழாயில இறக்குங்க."

"ஜோவன்னா அப்படியா சொன்னா?"

"மூச்சை விடச் சொன்னா."

இவர் நம்பியதற்குக் காரணம் உண்டு. தோள் நிஜமாகவே திறந்துவிட்டது. நீலக் கல்லை எட்டிப் பிடித்துவிட்டார். அந்தப் படத்தைப் பங்குக் கோயில் வாட்ஸ்அப்பில் போட்டார். எடையைக் கூட்டச் சொன்னதும் அவரேதான். கைலி, சட்டை, கடைசியில் போர்வை. அவர் வெளியே நீட்டும்போது மட்டும், பயத்தில் அவர் கால்சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வேன்.

நேற்றுக் காலை பக்கத்து வீட்டு சம்சுன்னிசா சன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, தினமும் நீங்க துணி காயப்போடுற அழகைப் பார்த்துட்டு எங்க வீட்டுல சண்டை. என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

இவர் கம்பைப் பார்த்தார். போர்வை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இது யோகா இல்லையா?"

"யோகாதாங்க," என்றேன். "சாயங்காலம் எடுத்து மடிக்கிறது அடுத்த ஆசனம்."