வைரஸ் அன்பாகக் கதைக்கும்

"இண்டைக்குக் கடல் எப்படி?" என்று றுக்கியா மறுபடியும் எழுதியிருந்தார்.

பதில் எழுதப்போன முனீபின் விரல்கள் அப்படியே நின்றன. சற்று முன்புதான் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து அந்த எச்சரிக்கை வந்திருந்தது. கம்பனியின் முகநூல் பக்கத்தில் ஒரு வைரஸ் புகுந்திருக்கிறது. தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் வகை. ஒரே விடயத்தை ஒவ்வொரு தடவையும் வேறு சொற்களில் சொல்லும். அன்பாகக் கதைக்கும். களைப்படையாது. அவதானம்.

முனீப் றுக்கியாவின் பழைய செய்திகளைப் பார்த்தார். நேற்று, "அலை கூடவோ?" முந்தநாள், "காத்து அடிக்குதோ?" அதற்கு முதல் நாள், "தண்ணி அமைதியோ?"

ஒரே விடயம். வேறு வேறு சொற்கள். ஒரு தடவையாவது டிக்கெட் விலை கேட்டதில்லை.



உட்துறைமுக வீதியிலிருந்த அந்தச் சின்ன விமானக் கம்பனியின் கிளையில் முனீப் ஒருவர்தான். இரண்டு குட்டி விமானங்கள் சீனக்குடா விமான நிலையத்துக்கு வந்துபோகும். டிக்கெட்டை எல்லோரும் போனிலேயே எடுத்துவிடுவதால், அலுவலகக் கதவைத் திறப்பது கடற்காற்று மட்டுமே. வீட்டில் அதுவும் இல்லை. மனைவி காலமான பிறகு மகள் ஜுமானாவும் கணவனோடு கட்டாருக்குப் போய்விட்டாள்.

அதனால்தான் முகநூல் பக்கத்தைப் பார்க்கும் வேலையைக் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்தது. கொழும்பிலிருந்து ஷாமிலா மெடம் வேலை சொல்லித் தந்தார்.

"பெரிய கம்பனியள் இலவச டிக்கெட் குடுத்தும் அவையின்ட பக்கத்தில சனம் நிக்குதில்ல. நீங்க கெதியா, உடனுக்குடன் பதில் போடுங்க. ஒராளுக்குச் சொன்னதை இன்னொராளுக்கு அப்படியே போடாதீங்க. சனம் பிளேனைப் பார்க்க வாறதில்ல முனீப். கதைக்க ஒராள் வேணும் எண்டு வருது."

அது முனீபுக்கு மிக நன்றாக விளங்கியது. பக்கத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. ஆனால் தினமும் தவறாமல் வந்தது றுக்கியா மட்டும்தான்.

இப்போது முனீப் ஷாமிலாவுக்கு அழைப்பெடுத்தார். "மெடம், வைரஸைக் கண்டிட்டன் போல. ஆனா நல்ல மாதிரிக் கதைக்குது."

"அதுதானே அதின்ட வேலை! உடனே பாஸ்வேட்டை மாத்துங்க."

கடவுச்சொல்லை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் ஷாமிலா அலறினார். "முனீப்! அது பாஸ்வேட்டையே மாத்திட்டுது! எங்களுக்கு உள்ள போக ஏலாம இரிக்கி!"

"அது நான் மாத்தினது மெடம்."

"எங்களுக்குச் சொல்ல வேணாமா?"

அதற்குள் தலைமை அலுவலகமே பழைய பாஸ்வேட்டை மாறி மாறி அடித்ததில், பக்கம் பூட்டிக்கொண்டது. திறக்க அரை நாள் ஆயிற்று.

"உங்கட கணினியை நிப்பாட்டி வைங்க," என்றார் ஷாமிலா.

நிறுத்திவிட்டு, முனீப் தன் கைபேசியில் வேலையைத் தொடர்ந்தார். மறுநாள் காலையில் மீண்டும் அழைப்பு வந்தது. "போச்சு! பதிலெல்லாம் இப்ப போனிலயிருந்து போகுது. அது போனுக்கும் பாய்ஞ்சிட்டுது!"

முனீப் கைபேசியைத் துவாய்த் துண்டில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அழைப்பு வந்தால் எடுப்பது எப்படி என்று யோசித்துத் திரும்பவும் திறந்தார். உள்ளே றுக்கியாவின் செய்தி காத்திருந்தது. இனிப் பொறுக்க முடியாது.

"நீங்க மனிசரோ?" என்று கேட்டார்.

"நானும் அதைத்தான் உங்களிட்டக் கேக்க இருந்தனான்," என்று பதில் வந்தது. பிறகு, "பகல் சாப்பிட்டீங்களா?"

முனீப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாராவது அப்படிக் கேட்டு எவ்வளவு காலம்! கண் கலங்கியது. அன்பாகக் கதைக்கும் என்றுதானே எழுதியிருந்தார்கள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு றுக்கியாவைத் தடுத்துவிட்டார்.

பிறகு வந்த வெறுமையைத் தாங்க முடியவில்லை. பக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் எழுதித் தள்ளினார். வெறுமனே கட்டைவிரல் காட்டியவரிடம்கூட உடம்பு சுகம் விசாரித்தார்.

"கூடிட்டுது முனீப்," என்றார் ஷாமிலா, களைத்துப்போய். "நாளைக்கு நிப்றாஸ் பிளேனில வாறார். கணினி ஆள். அவர் பார்ப்பார்."

நிப்றாஸ் இளைஞன். ஸலாம் சொல்லிவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தவன், பக்கத்திலிருந்து போன பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தான்.

"நானா, இந்த றுக்கியாவை ஏன் தடுத்தீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"அதுதானே தம்பி வைரஸ்?"

"இல்லை நானா, உண்மையான ஆள். கந்தளாயில இரிக்கிறா. தடுத்துப்போட்டீங்க எண்டு எங்களுக்கு எழுதினவ, நான் போன் எடுத்துக் கதைச்சனான். மகன் இஞ்ச வள்ளத்தில மீன்பிடித் தொழிலுக்குப் போறவராம். போனை எடுக்கிறதில்லையாம். அதான் கடல் எப்படி எண்டு துறைமுகத்தடியில இரிக்கிற உங்களிட்டக் கேக்கிறா."

முனீப் பாய்ந்து வந்து தடையை நீக்கினார். "கடல் நல்ல அமைதி. ஒண்டுக்கும் பயப்படாதீங்க," என்று எழுதினார்.

"அல்ஹம்துலில்லாஹ். சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல," என்று தட்டும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இடையில் வேறு நாலைந்து பேர் எழுதினார்கள். எழுதிய கையோடு ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு விதமாக நலம் விசாரித்துப் பதில் போட்டார்.

நிப்றாஸ் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கருவிகளை மெல்லப் பைக்குள் வைக்கத் தொடங்கினான்.

"அப்ப வைரஸ் எங்க தம்பி? பிடிபட்டுதா?"

"பார்ப்பம் நானா."

"இருங்க, தேத்தண்ணி ஊத்துறன்," என்று முனீப் உள்ளே போனார். நிப்றாஸின் கைபேசி ஒலித்தது. உள்ளேயிருந்து முனீப் ஏதோ கேட்டார்.

"ஓம் மெடம், வைரஸைப் பிடிச்சிட்டன்," என்றான் நிப்றாஸ், குரலைத் தாழ்த்தி. "அழிக்க ஏலாது மெடம். அது இப்ப எனக்குச் சீனி எத்தனை கரண்டி போடுறதெண்டு கேக்குது."