பொயிலரின் மூக்கை அடைத்தவன்

நான் பயந்தாங்கொள்ளி என்று என் மனைவி றீற்றா ஊரெல்லாம் சொல்வது முழுப் பொய். பயந்தாங்கொள்ளி நின்ற இடத்தில் நடுங்குவான். நான் ஒருநாளும் நின்ற இடத்தில் நின்றவனல்ல. (சண்டைக் காலத்தில் ஷெல்லே என்னைப் பிடிக்க முடியாமல் களைத்துப் போனது.)

விடத்தல்தீவில் மீளக்குடியேறி, கல்வீடு கட்டி, கரண்டும் வந்த பிறகு, கனடாவில் இருக்கும் அக்கா எங்கள் குளியலறையில் ஒரு சுடுதண்ணிப் பொயிலர் பூட்டுவித்தாள். விடுமுறைக்கு அவளோடு வரவிருந்த அவள் புருசன், எங்கள் அத்தானுக்கு முட்டு வருத்தம். மார்கழி வாடைக்காற்றில் பச்சைத்தண்ணீர் வார்த்தால் மூச்சு இழுத்துவிடுமாம். (உறைபனியில் இருபது வருடம் இருந்தவருக்கு மன்னாரில் குளிருமோ என்று கேட்டேன். அங்கே வீட்டுக்குள் குளிராதாம்.) அந்த வருடம் அவர்கள் வரவில்லை. பொயிலர் சும்மா தொங்கியது. அடுத்த வருடம் வருவதற்கு முதல் அக்கா போன் எடுத்தாள்.

"தம்பி, இஞ்சை குளிர் தொடங்க முதலே ஆள் வந்து பொயிலரைப் பாத்திட்டுப் போவான். நீயும் வேலை தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டு."

"ஓமக்கா."

வேலை தெரிந்த அந்த ஒருத்தர் நான்தான் என்று முடிவு செய்தேன். வள்ளத்து எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிறவனுக்குச் சுவரில் தொங்கும் தண்ணீர்ப் பீப்பா எம்மாத்திரம்?

தூசு துடைத்தேன். சுவிச்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில், அடியில் இருந்த சின்னப் பித்தளைக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கடலுக்குப் போகிறவனுக்கு ஒழுக்கு என்றால் இரண்டே வழி: அடைக்க வேண்டும், அல்லது தாழ வேண்டும். சுவிச்சை நிற்பாட்டிவிட்டு, வள்ளத்துப் பலகை இடுக்கை அடைப்பதுபோலவே பஞ்சைத் திரித்து, குங்கிலியம் குழைத்து, உளி வைத்துத் தட்டித் தட்டி இறுக்கினேன். அதன்மேல் தங்கூசி நைலோன் நூலால் இருபது சுற்று.

றீற்றா வந்து அண்ணாந்து பார்த்தாள். "அந்த ஓட்டையை ஏனப்பா வைச்சவங்கள்?"

"செய்தவன் கவலையீனமா விட்டிட்டான்."

அவர்கள் வந்த மறுநாள் காலை அத்தான் பொயிலரைப் போட்டுவிட்டு, தண்ணீர் சுடும்வரை சவரம் செய்வோமென்று குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். நான் முற்றத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்டது. பிறகு டக், டக் என்று யாரோ உள்ளே நின்று தட்டுவதுபோல ஒரு சத்தம். குளியலறை யன்னலால் எட்டிப் பார்த்தேன். பித்தளைக் குழாய் காய்ச்சல்காரனைப்போல நடுங்கியது.

அந்த ஓட்டையை ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொதிக்கும் தண்ணீர் மூச்சுவிடும் மூக்கு அது. அந்த மூக்கை நான் அடைத்திருந்தேன். அதற்கு நேர் கீழே அத்தானின் வழுக்கைத் தலை.

இதற்குப் பிறகு நடந்த எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை. எத்தனையோ தரம் இடம்பெயர்ந்தவர்களின் வீட்டில் கதவடியில் ஒரு பை தொங்கும்: பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி. (இவை இல்லாவிட்டால் உயிரோடு இருப்பதை நிரூபிக்க முடியாது.) கை தானாகப் பையை எடுத்தது. வாய் தானாக "படுங்கோ, படுங்கோ" என்று கத்தியது. கால் தானாக ஓடி, மலசலகூடத்துக்கென்று பின்வளவில் வெட்டியிருந்த குழிக்குள் குதித்தது. (பாவிக்கத் தொடங்காத குழி. அந்த மட்டுக்கு மாதா காப்பாற்றினார்.) பின்னாலேயே அக்கா என் முதுகில் விழுந்தாள்.

"என்னடா?"

"பொயிலர் வெடிக்கப் போகுது."

"அத்தான் எங்கை?"

நான் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அவர் உள்ளுக்கையெல்லோடா."

அத்தனை இடப்பெயர்விலும் நான் ஒருவரையும் விட்டுவிட்டு ஓடியதில்லை. சமாதானம் வந்த பிறகுதான் அதையும் செய்திருக்கிறேன். ஏறப் பார்த்தேன், மணல் சரிந்தது. தலையை மட்டும் நீட்டி, "அத்தான், வெளியால வாங்கோ" என்றேன். குரல் பூனைக்குட்டியின் குரலாக வந்தது.

"பொறு மச்சான், இன்னும் ஒரு கன்னம் கிடக்கு."

குழிக்குள் வராத ஒரே ஆள் றீற்றா. அவள் விறாந்தைக்கு நடந்துபோய் மெயின் சுவிச்சை நிற்பாட்டினாள். சுவிச்சிலிருந்து கை எடுக்க முதல், குளியலறைக்குள் 'டொம்' என்றது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. அக்கா என் தோளில் பதித்திருந்த நகங்களை இன்னும் எடுக்கவில்லை. நான் மாதாவிடம் என்னென்ன நேர்ந்தேன் என்று இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

கதவு திறந்தது. ஒரு கன்னத்தில் நுரையோடு, இடுப்பில் துவாயோடு, முழங்கையால் தவழ்ந்தபடி அத்தான் வெளியே வந்தார். ஷெல்லடிக்குள் தவழ்ந்த பழக்கத்தை இருபது வருடக் கனடாவால் மறக்கடிக்க முடியவில்லை. என் அடைப்புப் பிய்த்துக்கொண்டு பறந்ததில் சுடுதண்ணி தெறித்துத் தோளில் கொஞ்சம் சிவந்திருந்தது, வேறு காயமில்லை. குழிவரை தவழ்ந்து வந்து எட்டிப் பார்த்து, இரகசியமாகக் கேட்டார்.

"என்ன மச்சான், திரும்பத் தொடங்கீட்டுதோ?"

"இல்லை அத்தான். பொயிலர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் நெஞ்சோடு அணைத்திருந்த பையைப் பார்த்தார். கையை நீட்டி வாங்கித் திறந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, முதல்நாள் பின்னேரம் "பத்திரமா வை" என்று அவர் என்னிடம் தந்த அவருடைய பாஸ்போட்.

இப்போது கனடாவில் எங்கள் சனம் கூடுகிற எந்தக் கொண்டாட்டத்திலும், சாப்பாடு வருவதற்கு முதல் அத்தான் எழும்பி இதைச் சொல்கிறாராம். முடிக்கும் விதம் ஒன்றுதான்: "மச்சான் என்னைச் சாகவிட்டிட்டு ஓடினவன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா என்ர பாஸ்போட்டில ஒரு சொட்டுத் தண்ணி படவிடேல்லை. செத்திருந்தாலும் நான் கனடாவுக்குத் திரும்பி வந்திருப்பன்."